கோயில் காடும் சிவன் சொத்துதான்!

சிவன் கோயிலுக்குப் போனால், சண்டிகேஸ்வரர் சந்நிதியில் நீங்கள் என்ன செய்வீர்கள்? உள்ளங்கைகளை மெதுவாகத் தட்டி, விரித்துக் காட்டிவிட்டு வருவீர்கள். 'ஐயனே, இந்தக் கோயிலில் இருந்து நான் எதையும் எடுத்துப் போகவில்லை' என்று கணக்கு ஒப்புவிக்கும் வழக்கம் அது. பிராகாரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழும்போது, புடவையில் ஒட்டிய மண்ணை அங்கேயே தட்டிவிட்டு வருகிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

'சிவன் சொத்து குல நாசம்' என்பது நம் பாட்டிமார்கள் சொல்லிக் கொடுத்த பாடம். சாமிக்கு உரியது ஒரு பிடி மண்ணாக இருந்தாலும், அது நம்மோடு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. இதைப் பயம் என்பதைவிட நேர்மை என்று சொல்வதே பொருத்தம்!

சரி... சாமியின் சொத்து என்றால் என்னென்ன? நகை, நிலம், உண்டியல், வெண்கல விளக்கு, பசு மாடு... சட்டென்று அடுக்கிவிடுவீர்கள். அந்தப் பட்டியலில், சாமியைச் சுற்றி நிற்கிற காடு உண்டா?

இதென்ன விநோதமான கேள்வி என்று தோன்றலாம். ஆனால், இன்றைக்குப் பல குடும்பங்களின் வாசலில் வந்து நிற்கிற தர்மசங்கடமான கேள்வி இது. எப்படி என்கிறீர்களா?

திருப்பணிக்குக் கேட்கிறார்கள்...

நாம் நகரத்தில் வசித்தாலும், நம்மில் பலருக்குக் குலதெய்வம் இருப்பது ஏதோ ஒரு கிராமத்தின் எல்லையில்தான். ஐயனார், முனீஸ்வரன், கருப்பசாமி, பச்சையம்மன், ஏழு கன்னிமார்... வானமே கூரையாக ஒரு சந்நிதி. வரிசையாகச் சுடுமண் குதிரைகள். வேல், சூலம், மணிகள். சுற்றிலும் பகலிலேயே இருட்டுக் கட்டி நிற்கிற மரங்கள். கொளுத்தும் வெயிலில் நடந்து வந்தவர்கள் உள்ளே கால் வைத்ததுமே உடம்பு குளிர்ந்துவிடும்.

இதைத்தான் நம் ஊர்களில் 'கோயில் காடு', 'சாமி காடு', 'ஐயனார் தோப்பு' என்றெல்லாம் சொல்கிறார்கள். கேரளத்தில் இது 'காவு'. குடகில் 'தேவரகாடு'. மகாராஷ்டிரத்தில் 'தேவராய்'. ராஜஸ்தானில் 'ஓரண்'. மேகாலயாவின் மௌப்லாங் கோயில் காட்டில் இருந்து ஓர் இலையைக்கூட வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது, அங்குள்ள பழங்குடி மக்களின் கட்டுப்பாடு. மொழி வேறு, தெய்வம் வேறு... ஆனால், தேசம் முழுக்க எண்ணம் ஒன்றே: 'இந்த இடம் மனிதருக்கு இல்லை, சாமிக்கு!'

இப்படி இருக்கும்போது, ஒரு நாள் திருப்பணி அழைப்பிதழ் வரும். புது விமானம், கான்கிரீட் மண்டபம், டைல்ஸ் தரை, சமையல் கூடம், கார் நிறுத்த இடம்... 'தங்களால் இயன்ற நன்கொடை தந்து குலதெய்வத்தின் அருள் பெற வேண்டுகிறோம்' என்று போட்டிருப்பார்கள். நாமும் சந்தோஷமாகப் பணம் அனுப்புவோம். கும்பாபிஷேகத்துக்குப் போனால், கோயில் பளபளவென்று ஜொலிக்கும். காட்டில் பாதியைக் காணோம்!

வெட்டியவர்கள் மரத் திருடர்கள் இல்லை. ஒரு ரூபாய்கூடத் தன் பையில் போட்டுக் கொள்ளாத நல்ல மனிதர்கள். அலைந்து திரிந்து வசூல் செய்தது, பந்தலில் பசியோடு நின்று வேலை வாங்கியது எல்லாமே சாமிக்காகத்தான். அதனால்தான் இந்தக் கேள்வி கனமாகிறது. சாமியின் காட்டை, சாமிக்காகவே வெட்டினால், அது தொண்டா, அபசாரமா?

பித்தளைத் தாம்பாளக் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். அம்மனுக்கு ஒரு காசுமாலை இருக்கிறது. ஏழு தலைமுறைக்கு முன்பு யாரோ சாத்தியது. அதை உருக்கி விற்று, அந்தப் பணத்தில் அம்மனுக்கே பளபளக்கும் பித்தளைத் தாம்பாளங்கள் வாங்கி வைக்கிறார் ஒருவர். 'அம்மன் பணம் அம்மனுக்கே செலவாயிற்று. நான் எடுத்துக் கொள்ளவில்லை' என்கிறார். உங்கள் மனம் ஒப்புக்கொள்ளுமா?

ஒப்பாது. ஏன்? கொடுத்த பொருளை மாற்றும் உரிமை நம்மிடம் இல்லை. அதைக் காக்கும் பொறுப்பு மட்டுமே நம்முடையது. தர்மகர்த்தா என்ற சொல்லே அந்தப் பொறுப்பைத்தானே சொல்கிறது? காட்டுக்கும் இதே கணக்குத்தான். சொல்லப் போனால், காசுமாலையை மறுபடியும் செய்துவிடலாம். காட்டைச் செய்ய முடியாது.

காடுதான் முதலில் வந்தது

தேவாரத் தலங்களின் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். திருவாலங்காடு, திருவெண்காடு, திருமறைக்காடு, தலையாலங்காடு, திருக்கொள்ளிக்காடு... எத்தனை காடுகள்! மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர். திருநெல்வேலிக்கு வேணுவனம், அதாவது மூங்கில் காடு. சிதம்பரத்துக்குத் தில்லைவனம். தல புராணங்களில் பெரும்பாலும் முதலில் காடு வருகிறது; பிறகு அந்தக் காட்டுக்குள் சுவாமி வெளிப்படுகிறார்; அதற்கும் பிறகுதான் அரசன் வந்து கல்லால் கோயில் எழுப்புகிறான்.

இன்றைக்கு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கடம்ப மரத்தின் காய்ந்த அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தில்லை மரங்களைப் பார்க்க வேண்டும் என்றால், சிதம்பரத்தில் இருந்து பிச்சாவரம் உப்பங்கழிக்குத்தான் போக வேண்டும். ஊர் வளர வளர, காடு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒற்றை மரமாகிக் கம்பி வேலிக்குள் நிற்கிறது. அதைத் தலவிருட்சம் என்று வலம் வருகிறோம்.

காடும் கோயிலும் சேர்ந்தே நிலைத்த இடமும் உண்டு. வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரை. அங்கே இருக்கிற கோடிக்குழகர் கோயிலுக்கு வந்த சுந்தரர், கடற்கரைக் காட்டில் இப்படித் துணையின்றி இருக்கிறீரே என்று இறைவனைப் பார்த்து மனம் உருகிப் பாடினார். கோடியக்கரைக் காடு 1967-ஆம் ஆண்டு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வெளிமான்கள் இன்றும் அங்கே திரிகின்றன. காட்டுக்குள் இருப்பதால் இறைவனுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை!

அரண்மனைச் சுண்ணாம்புக்காக...

கட்டடத்துக்காக மரத்தை வெட்ட வந்தபோது, ஒரு குடும்பப் பெண் என்ன செய்தாள் என்பதைச் சொல்லும் சரித்திரம் ஒன்று உண்டு. 1730-ஆம் ஆண்டு. ராஜஸ்தானில் ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜர்லி என்ற கிராமம். புதிய அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட வேண்டும்; காளவாய்க்கு விறகு வேண்டும். மகாராஜா அபய் சிங்கின் ஆட்கள் கோடரிகளோடு வந்தார்கள்.

அந்த ஊரில் இருந்தவர்கள் பிஷ்னோய் மக்கள். குரு ஜம்பேஷ்வர் வகுத்துத் தந்த இருபத்தொன்பது நியமங்களைக் கடைப்பிடிப்பவர்கள். பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அம்ருதா தேவி என்ற பெண்மணி ஓடிப் போய் ஒரு மரத்தைக் கட்டிக் கொண்டார். கோடரி அவர் மேலேயே விழுந்தது. அடுத்து, அவருடைய மூன்று பெண்கள். பிறகு ஊர் ஊராக மக்கள் வந்து மரங்களைத் தழுவி நின்றார்கள். மொத்தம் 363 உயிர்கள்! செய்தி அறிந்த மகாராஜா, இனி பிஷ்னோய் கிராமங்களில் மரம் வெட்டக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்தத் தியாகத்தின் நினைவாகவே, செப்டம்பர் 11-ஆம் தேதியை தேசிய வனத் தியாகிகள் தினமாக அனுசரிக்கிறார்கள்.

அவர்கள் கட்டிக் கொண்ட மரம் எது தெரியுமா? நம்முடைய வன்னி மரம்! விருத்தாசலம் கோயிலின் தலவிருட்சம். விஜயதசமியன்று நாம் பூஜிக்கிற அதே வன்னி.

நம்மை யாரும் உயிரைக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடுமுன், பணம் அனுப்புமுன், ஒரு நிமிடம் யோசிக்கத்தான் கேட்கிறார்கள்.

'ஒன்றுக்குப் பத்தாக நட்டுவிட்டால்?'

'வெட்டினால் என்ன, வேறு இடத்தில் பத்துக் கன்று வைத்துவிடலாமே?' இது நியாயமான கேள்விதான். கன்று நடுவது புண்ணியம், சந்தேகமே இல்லை. ஆனால், கன்றுகள் பத்து சேர்ந்தாலும் ஒரு காடு ஆவதில்லை.

புதுச்சேரியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு இருக்கிறது. அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு பழைய காடு நிற்கிறது. நம் கிழக்குக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் நீண்டு பரந்திருந்த, வறண்ட கோடையிலும் பச்சை மாறாத காட்டின் மிச்சம் அது. இந்த வகைக் காடு இன்றைக்குத் துண்டு துண்டாகத்தான் பிழைத்திருக்கிறது. அந்தத் துண்டுகளில் பல, கோயில் காடுகள்! தாவரவியல் ஆராய்ச்சியாளர்கள் ஐயனாரைத் தேடி வருவது இதனால்தான்.

அப்படிப்பட்ட காட்டில் வீரை, உலக்கைப்பாலை, காயா, நாவல் என்று மரங்கள் இருக்கும். உங்களுக்குக் காயா மரத்தைத் தெரிந்திருக்காது. ஆனால் காயாம்பூவைத் தெரியும். பெருமாளைக் 'காயாம்பூ வண்ணன்' என்று சேவிக்கிறோமே, அந்தப் பூ! கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலமும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும். திண்டுக்கல் மாவட்டத்தில், அழகர்மலைக் காட்டுக்கு அருகே உள்ள காசம்பட்டி வீரகோயில் காட்டில் காயா மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. பகவானின் நிறத்துக்கு உவமையான பூவை நம் பேரப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றால், இப்படிப்பட்ட காடுகள் இருந்தால்தான் உண்டு. இவை நின்று நிதானமாக வளர்கிற மரங்கள். நாம் இன்று நட்ட கன்று பெரிய மரமாவதை நம்மால் பார்க்க முடியாது.

மரம் மட்டுமா? பழத்தைத் தின்று விதையைத் தூவுகிற குயிலும் வௌவாலும் மரநாயும் அங்கே உண்டு. மரத்துக்கு மரம் பாலம் போடுகிற முதிர்ந்த கொடிகள் உண்டு. பட்டுப்போன மரத்தின் பொந்தில் ஆந்தை குடியிருக்கும். அது பக்கத்து வயலில் எலி பிடிக்கும். பல வருடத்துச் சருகு மக்கி மெத்தைபோல் கிடக்கும். மழை நீர் அதில் ஊறி இறங்கி, பக்கத்துக் குளத்துக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். சிமென்ட் தரையில் விழுந்த மழை என்ன ஆகும்? ஓடி வீணாகும்!

ஆரோவில் நகரம் 1968-ஆம் ஆண்டு தொடங்கியபோது அந்த இடம் செம்மண் பொட்டல். அங்கே காடு வளர்த்தே தீருவது என்று உழைத்தவர்கள், சுற்றுவட்டாரக் கோயில் காடுகளில் நின்ற தாய்மரங்களைத் தேடிப் போய்த்தான் விதை சேகரித்தார்கள். ஐம்பது வருடங்களுக்கு மேலாக அந்த வேலை நடக்கிறது. புதுக் காடு வேண்டும் என்றாலும் பழைய காடு இருந்தாக வேண்டும். உறைமோர் இல்லாமல் தயிர் ஏது?

மனிதரைவிட மரம் பெரிதா?

'முதியவர்கள் வருகிறார்கள், கைக்குழந்தையோடு பெண்கள் வருகிறார்கள். மழைக்கு ஒதுங்க இடம் வேண்டாமா? கழிப்பறை வேண்டாமா?' என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். காடு முக்கியம் என்று சொல்லிவிட்டு, மனிதர்களின் கஷ்டத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பது தர்மம் ஆகாது.

நம் தமிழ் இலக்கியமே இதற்குச் சாட்சி. நன்னன் என்று ஓர் அரசன். அவனுக்கு ஒரு காவல் மரம், மாமரம். ஆற்றில் மிதந்து வந்த அதன் காயை, நீராடப் போன ஒரு சிறு பெண் எடுத்துத் தின்றுவிட்டாள். அதற்காக அவளைக் கொல்லச் சொன்னான் நன்னன்! எண்பத்தோரு யானைகளும், அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்று அவள் தரப்பில் கெஞ்சியும் அவன் இரங்கவில்லை. குறுந்தொகையில் பரணர் இதைச் சொல்கிறார். 'பெண்கொலை புரிந்தவன்' என்ற பழி இன்று வரை நன்னனை விட்டுப் போகவில்லை.

நன்னனும் மரத்தைக் காத்தவன்தான். ஆனால், 'என்னுடையது' என்ற அகந்தையால் காத்தான். கோயில் காட்டை ஊர் காப்பது, 'எங்களுடையது இல்லை' என்ற பணிவால். அதனால்தான் கோயில் காட்டின் விதிகளில் இரக்கமும் இருக்கிறது. பல ஊர்களில் விழுந்த சுள்ளியைப் பொறுக்கிப் பொங்கல் வைக்கலாம். வீட்டு அடுப்புக்குக் கொண்டு போகக் கூடாது. பழத்தை அங்கேயே தின்னலாம். கூடையில் அள்ளக் கூடாது. வைத்தியத்துக்கு என்றால், சாமியிடம் சொல்லிவிட்டு வேண்டிய அளவு பறிக்கலாம். தேவைக்கு இடம் உண்டு, ஆசைக்கு இல்லை!

இந்த அளவுகோலையே திருப்பணிக்கும் வைத்துப் பாருங்கள். ஒதுங்க ஓர் எளிய கூரையும் கழிப்பறையும் தேவை. அவற்றைக் காட்டுக்கு வெளியே, வெட்டவெளியில் கட்டலாம். காரை நூறு அடி தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரலாம். நடக்க முடியாதவர்களை மட்டும் வாசலில் இறக்கிவிடலாம். பழநியில் படி ஏறுகிறோம், திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் வலம் வருகிறோம். குலதெய்வத்துக்காக நூறு அடி நடக்க மாட்டோமா?

பயம் போன பிறகு...

முன்பெல்லாம் 'காட்டில் கை வைத்தால் சாமி கண்ணைக் குத்தும்' என்பார்கள். அந்தப் பயமே முள்வேலியாக இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். தண்டனைக்குப் பயந்து ஒன்றை விட்டுவைப்பது பக்தியின் முதல் படி. 'இது அவருடையது' என்று அன்பாலும் மரியாதையாலும் விட்டுவைப்பது அதற்கு மேலான படி. குழந்தை முதலில் அடிக்குப் பயந்து பொய் சொல்லாமல் இருக்கிறது. வளர்ந்த பிறகு, பொய் தவறு என்று தெரிந்து சொல்லாமல் இருக்கிறது. காட்டு விஷயத்தில் நாம் வளர வேண்டிய நேரம் இது.

சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட இடங்களை மாநில அரசு 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் முதலாவதாக 2022-ஆம் ஆண்டு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, ஊர் மக்கள் ஒன்று திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. முன்பு சொன்ன காசம்பட்டி வீரகோயில் காடு, 2025-ஆம் ஆண்டு இரண்டாவது தலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு என்னவோ சுமார் பன்னிரண்டு ஏக்கர்தான்! இந்த அறிவிப்பால் ஊர் மக்களின் வழிபாட்டுக்கு எந்தத் தடையும் வராது.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், ராஜஸ்தானின் ஓரண்களை அளந்து, பட்டியலிட்டு, பாதுகாக்கும்படி அந்த மாநில அரசுக்கு உத்தரவிட்டது. கோயில் காடுகளுக்காக நாடு முழுவதற்கும் ஒரு கொள்கை வகுக்கும்படி மத்திய அரசுக்குப் பரிந்துரையும் செய்தது.

ஆனாலும், சட்டம் வாசல் வரைதான் வரும். உள்ளே நின்று காப்பது ஊரும் குடும்பங்களும்தான்.

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த முறை திருப்பணி அழைப்பிதழ் வந்தால், நன்கொடை கட்டாயம் கொடுங்கள். கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மண்டபம் எந்த இடத்தில் வருகிறது? அதற்காக எத்தனை மரங்கள் போகும்? அதையே காட்டுக்கு வெளியே கட்ட முடியாதா? பெரும்பாலும் இதை யாரும் கேட்காததால்தான், கொத்தனார் வரைந்த கோடு நம் குலதெய்வத்தின் எல்லையாகிவிடுகிறது. பணிவோடு கேட்டால் பெரியவர்கள் காது கொடுப்பார்கள். பணம் கொடுப்பவர் கேட்டால் இன்னும் நன்றாகவே கேட்கும்!

'என் பங்கை வேலி போட வைத்துக்கொள்ளுங்கள்; உள்ளே புகுந்துவிட்ட சீமைக்கருவேலத்தை அகற்ற வைத்துக்கொள்ளுங்கள்; குளத்தைத் தூர்வார வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லலாம். அதுவும் திருப்பணிதான். பொங்கல் வைக்கப் போகும்போது பிளாஸ்டிக் பைகளையும் தெர்மாகோல் தட்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். ஊரில் இருக்கும் வயதான அத்தையிடமோ பெரியப்பாவிடமோ, காட்டில் உள்ள மரங்களின் பெயர்களைக் கேட்டுப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த மரத்தை வெட்ட மனசு வராது.

நம் கோயில்களில் டியூப் லைட் தொடங்கி மின்விசிறி வரை 'உபயம்' என்று பெயர் எழுதி வைக்கிறோம். தவறில்லை, கொடுத்தவருக்கு அது ஒரு திருப்தி. ஆனால், நூறு வருடத்து வீரை மரத்தை நமக்காக விட்டுவைத்தவர்கள் யார்? பஞ்சம் வந்தபோதும் விறகுக்கு வெட்டாமல், வீடு கட்டியபோதும் உத்தரத்துக்கு வெட்டாமல் விட்டுவைத்த அந்தப் பாட்டன் பாட்டிகளின் பெயர் எந்த மரத்திலும் இல்லை. பெயர் இல்லாத அந்த உபயத்தின் நிழலில்தான் நாம் ஒவ்வொரு வருடமும் பொங்கல் வைக்கிறோம். நம் பங்குக்கு நாமும் அதை அப்படியே விட்டுவைப்போமே!